டோர்டோன் ஆற்றங்கரைக் கிராமங்களில் சைக்கிள் பயணம்: முழுமையான வழிகாட்டி

பிரான்ஸின் சார்லா ஊரில் காலை ஏழு மணி வாக்கில் பேக்கரி திறந்துவிடும். பதினொரு மணிக்குச் சுற்றுலாப் பேருந்துகள் வந்து சேரும். பன்னிரண்டு அடித்தால் கடைகள் ஷட்டரை இறக்கிவிடும், இரண்டு இரண்டரை வரை திறக்காது. அந்த நேரம் முழுக்க உணவகங்களுக்குத்தான். ஆனால் இரண்டு மணிக்கு மேல் போய் உட்கார்ந்தால் சமையலறை மூடியாச்சு என்பார்கள். ஞாயிறு மதியத்துக்குப் பிறகும் திங்கட்கிழமையும் சின்னக் கிராமங்களில் ஒரு ரொட்டி வாங்கக்கூட ஆள் இருக்காது.

தென்மேற்குப் பிரான்ஸில் சைக்கிள் ஓட்டக் கிளம்புகிறவர்கள் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது இந்த மணிக்கணக்கைத்தான். முதல் தடவை நான் போனபோது கிலோமீட்டரை வைத்துத் திட்டம் போட்டேன். நாளொன்றுக்கு நூறு கிலோமீட்டர், ஐந்து நாளில் ஐந்நூறு. தூரம் எல்லாம் முடிந்தது. ஆனால் எந்தக் கோட்டைக்குப் போனாலும் கூட்டம், எந்தக் கிராமத்துக்குப் போனாலும் கடை மூடியிருந்தது. இரண்டாம் தடவை நாளுக்கு அறுபது, எழுபது கிலோமீட்டரோடு நிறுத்திக்கொண்டு, எந்த ஊரில் எத்தனை மணிக்கு இருக்க வேண்டும் என்று மட்டும் முடிவுசெய்தேன். அந்தப் பயணம் இன்னும் கண்ணில் நிற்கிறது. கீழே எழுதியிருப்பது அந்த முறைதான்.

எந்த இடம்

பிரான்ஸில் சைக்கிள் என்றதும் ஆல்ப்ஸ், பிரெனே மலைகள்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். நான் சொல்வது டோர்டோன் மாவட்டத்தை. பிரெஞ்சுக்காரர்கள் இன்னும் பழைய பெயரில் பெரிகோர் என்றே அழைப்பார்கள். அதை நாலு நிறமாகப் பிரித்திருக்கிறார்கள்: வடக்கே பச்சை, நடுவில் வெள்ளை, பெர்ஜராக் திராட்சைத் தோட்டங்களைச் சுற்றி ஊதா, தென்கிழக்கே ஓக் காடுகள் அடர்ந்த கறுப்பு. நமக்கு வேண்டியது கறுப்புப் பெரிகோர்.

இங்கே மலை என்று எதுவும் இல்லை. டோர்டோன் ஆறும் அதில் வந்து கலக்கும் வெசேர் ஆறும் சுண்ணாம்புப் பாறையை அறுத்து அறுத்துப் பள்ளத்தாக்குகளை உண்டாக்கியிருக்கின்றன. ஆற்றை ஒட்டிப் போகும்வரை சமதளம். ஆற்றை விட்டுத் திரும்பினால் அடுத்த நிமிடமே ஏற்றம் தொடங்கிவிடும். ஒவ்வொரு ஏற்றமும் இரண்டு மூன்று கிலோமீட்டர்தான், ஆனால் ஒரு நாளில் ஏழெட்டு வரும். அறுபது கிலோமீட்டர் ஓட்டி முடித்துப் பார்த்தால் மீட்டரில் எழுநூறு, எண்ணூறு மீட்டர் ஏறியதாகக் காட்டும். தட்டையான நெடுஞ்சாலையில் பிஆர்எம் என்ற 200 கி.மீ. நெடுந்தூர ஓட்டத்தை முடித்துப் பழகிய கால்களுக்கும் இது வேறு வேலை. ஒரே சீராக மிதிக்க இடமே கிடைக்காது.

கல்தான் இந்த ஊர்களின் அழகு. தேன் நிறச் சுண்ணாம்புக்கல்லில் சுவர், சில வீடுகளில் கூரையே தட்டைக் கற்களை அடுக்கியது. அப்படிப்பட்ட கூரை சதுர மீட்டருக்குச் சுமார் அரை டன் கனக்கும். அதைத் தாங்குவதற்காகவே கூரையைச் செங்குத்தாகக் கட்டி, உள்ளே ஓக் மர உத்திரங்களைப் போட்டிருப்பார்கள். மாலை வெயில் அந்தச் சுவரில் விழும் நேரத்தில் சைக்கிளை நிறுத்தாமல் போக எனக்கு மனம் வந்ததில்லை.

எப்போது போவது

மே நடுவிலிருந்து ஜூன் கடைசி வரை, இல்லையென்றால் செப்டம்பர். ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம். வெயில் 35 டிகிரியைத் தாண்டும் நாட்கள் உண்டு, ஆற்றோரச் சாலையில் கேரவன் வண்டிகள் வரிசை கட்டும், அறை வாடகையும் ஏறும்.

என் தேர்வு செப்டம்பர். காலையில் ஆற்றின்மேல் மூடுபனி கிடக்கும், பத்து மணிவாக்கில் விலகும். மேலே ஏறிப் பார்த்தால் பள்ளத்தாக்கு முழுக்கப் பால் நிரம்பினாற்போல் இருக்கும், கோட்டைகள் மட்டும் தலைநீட்டும். ஆனால் அந்தப் பனியில் விளக்கில்லாமல் ஓட்டாதீர்கள். ஜூனில் இரவு ஒன்பதரை தாண்டியும் வெளிச்சம் இருக்கும் என்பது தனி வசதி.

போய்ச் சேர்வது

இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்கு ஷெங்கன் விசா தேவை. குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு அதற்குக் கட்டாயம். காப்பீடு எடுக்கும்போது சைக்கிள் ஓட்டும்போது நேரும் விபத்தும் அதில் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பாரிஸ் மோன்பர்னாஸ் நிலையத்தில் டிஜிவி அதிவேக ரயில் ஏறினால் சுமார் இரண்டு மணி நேரத்தில் போர்தோ. அங்கிருந்து டிஇஆர் என்ற வட்டார ரயில் பெர்ஜராக், லெ புய்சோன் வழியாகச் சார்லா வரைக்கும் போகிறது. மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. அதுதான் கடைசி நிறுத்தம் என்பதால் இறங்கும் அவசரமும் இல்லை. டிஇஆர் ரயிலில் சைக்கிளை அப்படியே ஏற்றலாம், அதற்கென்று கொக்கிகள் இருக்கும். ஆனால் இடம் கொஞ்சம்தான், முதலில் வந்தவருக்கு முதலிடம். டிஜிவியில் பெரும்பாலும் சக்கரத்தைக் கழற்றிப் பையில் போட்டுத்தான் கொண்டுபோக முடியும். ஒரு நாளைக்கு எத்தனை வண்டி இருக்கிறது என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். சார்லாவுக்குக் கடைசி வண்டியைத் தவறவிட்டால் போர்தோவில்தான் இரவு.

நிலையம் ஊருக்குத் தெற்கே இருக்கிறது. பழைய ஊருக்கு ஒன்றரை கிலோமீட்டர்போல உருட்டிப் போக வேண்டும்.

சைக்கிள்: எடுத்துப் போவதா, வாடகையா

ஒரு வாரத்துக்குக் குறைவென்றால் வாடகைதான் நிம்மதி. இரண்டு வாரம் தங்குகிறவர்கள் சொந்த சைக்கிளைக் கொண்டுபோகலாம். வாடகைக்கு எடுக்கும்போது உயரத்தையும் கால் உள்நீளத்தையும் சென்டிமீட்டரில் அனுப்புங்கள், உங்கள் பெடலைக் கையோடு கொண்டுபோங்கள்.

வண்டியைக் கையில் வாங்கியதும் கடை வாசலிலேயே சோதிக்க வேண்டிய ஒன்று உண்டு. பிரான்ஸில் இடது கை பிரேக்தான் முன்சக்கரத்துக்கு. நம்மூர் சைக்கிள்கள் பலவற்றில் வலது கை. இறக்கத்தில் பதற்றத்தில் பிடிக்கும்போது கை பழைய பழக்கத்துக்குத்தான் போகும். பத்து நிமிடம் தெருவில் மெதுவாக ஓட்டிப் பழகுங்கள், அல்லது மாற்றிப் போட்டுத் தரச் சொல்லிக் கேளுங்கள். தயங்காமல் செய்து தருவார்கள்.

கியர் விஷயத்தில் வீம்பு வேண்டாம். முன்னால் 50/34 பல், பின்னால் 11-32 அல்லது 11-34. முதல் பயணத்தில் பின்னால் 28 பல்தான் வைத்திருந்தேன். டொம் என்ற ஊருக்கு ஏறும்போது முழங்கால் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் விடவில்லை. டயர் 28 மி.மீ. போதும், 30 அல்லது 32 இருந்தால் இன்னும் நல்லது. உள்சாலைகளில் தார் பழையது, கரடுமுரடு அதிகம். இரண்டு ட்யூப், டயர் லீவர், சின்ன பம்ப், செயின் இணைப்பு ஒன்று. கிராமங்களில் சைக்கிள் கடை கிடையாது.

மணியும் முன்பின் விளக்குகளும் பிரதிபலிப்பான்களும் சட்டப்படி வேண்டும். ஊருக்கு வெளியே இரவிலும் பனியிலும் ஒளிரும் மேலாடை கட்டாயம். தலைக்கவசம் 12 வயதுக்குட்பட்டவர்களுக்கு 2017-லிருந்து கட்டாயம். பெரியவர்களுக்குச் சட்டம் சொல்லாவிட்டாலும் போட்டுக்கொள்ளுங்கள்.

சாலையில்

வலப்பக்கம் ஓட்டுவது ஒரு மணி நேரத்தில் பழகிவிடும். தவறு நடப்பது எங்கே தெரியுமா? நிறுத்தி, படம் எடுத்து, மறுபடி கிளம்பும்போது. வெறிச்சோடிய சாலையில் நம்மையறியாமல் இடப்பக்கம் ஏறிவிடுவோம். நான் ஹேண்டில்பாரில் வலது கைப்பிடியை ஒட்டி ஒரு சிவப்பு நாடா சுற்றி வைத்திருந்தேன், கிளம்பும்போதெல்லாம் கண் அதில் படும்படி.

அடுத்து, வலதுபக்கத்துக்கு முன்னுரிமை என்ற விதி. பலகையோ கோடோ இல்லாத சந்திப்பில் வலதுபுறத்துச் சந்திலிருந்து வரும் வண்டிக்கு நாம்தான் நின்று வழிவிட வேண்டும். சந்து எவ்வளவு சின்னதாக இருந்தாலும் சரி. கிராமங்களுக்குள் இது அடிக்கடி வரும். வெள்ளை விளிம்புள்ள மஞ்சள் சாய்சதுரப் பலகை இருந்தால் நம் சாலைக்கு முன்னுரிமை. அதே பலகையில் கறுப்புக்கோடு குறுக்கே போனால் முன்னுரிமை முடிந்தது, இனி வலப்பக்கம் பாருங்கள். ரவுண்டானாவில் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்ற வேண்டும், உள்ளே சுற்றுகிறவர்களுக்கு முன்னுரிமை.

கார்காரர்கள் சைக்கிளைத் தாண்டும்போது ஊருக்குள் ஒரு மீட்டர், வெளியே ஒன்றரை மீட்டர் இடம் விட வேண்டும் என்பது சட்டம். பெரும்பாலும் விடுகிறார்கள். வளைவில் முந்தாமல் பின்னாலேயே பொறுமையாக வருவார்கள். நாமும் பதிலுக்கு ஒற்றை வரிசையாக ஒதுங்கி, கை காட்டி, நன்றி சொல்வது வழக்கம். காதில் இயர்போன் மாட்டி ஓட்டினால் 135 யூரோ அபராதம்.

இனி ஒரு சொல்லை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: கிராவியோன். பொடிக்கல் என்று அர்த்தம். கோடையில் பழைய சாலைகளுக்குத் தாரைத் தெளித்து அதன்மேல் பொடிக்கல்லைத் தூவிவிடுவார்கள். வண்டிகள் ஓட ஓட அது தானே அழுந்திப் படிய வேண்டும். படியும்வரை ஓரத்திலும் வளைவிலும் உதிரிக்கல் குவிந்து கிடக்கும். பலகையில் அந்தச் சொல்லைப் பார்த்தால் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, நேராக இருக்கும்போதே பிரேக் பிடித்து முடித்துவிடுங்கள். மார்கே கிராமத்துக்குக் கீழே ஓர் இறக்கத்தில் பலகையைப் பார்த்தும் வளைவுக்குள் பின்பிரேக்கைத் தொட்டேன். சக்கரம் விலகியது தெரிந்தது, அடுத்து முழங்கை தரையில். தோல் உரிந்த இடத்தில் சின்னச் சின்ன வெள்ளைக் கற்கள் ஒட்டியிருந்தன. பாட்டில் தண்ணீரை ஊற்றி ஒவ்வொன்றாக எடுத்தேன். கிருமிநாசினியும் கட்டுத்துணியும் அன்றிலிருந்து என் சட்டைப்பையில் இருக்கின்றன. அவசர எண் 112.

வழியைத் தேர்வு செய்வது

போனில் எந்தச் செயலி வைத்திருந்தாலும் ஒரு மிஷ்லேன் காகித வரைபடம் வாங்குங்கள். சிவப்புக்கோடு பெரிய சாலை, மஞ்சள் நடுத்தரம், வெள்ளை உள்சாலை. சாலையை ஒட்டிப் பச்சைக்கோடு போட்டிருந்தால் அழகான பாதை. சைக்கிள்காரனுக்கு வெள்ளைதான் வாழ்க்கை. வெள்ளையும் பச்சையும் சேர்ந்து வந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ளலாம்.

தவிர்க்க வேண்டிய சாலைகள் டி-704, அப்புறம் ஆற்றோரம் போகும் டி-703. முன்னதில் லாரிகள். பின்னதில் அழகு உண்டு, ஆனால் அந்த அழகைப் பார்க்க எல்லோரும் அதில்தான் வருவார்கள். காலை ஒன்பதுக்குள்ளோ மாலை ஆறுக்கு மேலோ ஓட்டினால் டி-703 வேறு சாலை போலிருக்கும்.

முதல் நாள்: கால்களைப் பழக்குவது

சார்லாவிலிருந்து தென்கிழக்கே பழைய ரயில்பாதையைச் சைக்கிள் பாதையாக மாற்றியிருக்கிறார்கள். இப்படிப்பட்ட பாதைகளைப் பிரெஞ்சில் பசுமை வழி என்பார்கள். ரயில் போன பாதை என்பதால் சரிவு மென்மையானது, கார் கிடையாது. கார்சாக் வழியாக க்ரோலெஜாக் வரை போய், அங்கே பழைய ரயில் பாலத்தில் டோர்டோனைக் கடந்து நில்லுங்கள். கீழே தண்ணீர் தெளிவாக ஓடும், அடிக்கல் தெரியும். திரும்பும்போது பசுமை வழியை விட்டு மோன்ஃபோர் பக்கம் வாருங்கள். ஆறு அங்கே கிட்டத்தட்ட ஒரு வட்டமே அடிக்கிறது. சாலையோரக் காட்சிமேடையிலிருந்து வளையத்துக்குள் வால்நட் தோப்புகள் வரிசை வரிசையாகத் தெரியும். மொத்தம் 35 கி.மீ. போல. வித்ராக் வழியாகச் சார்லாவுக்கு ஏறி வருவது மட்டும் கொஞ்சம் மூச்சு வாங்கும்.

மதியத்துக்குமேல் சார்லாவைச் சுற்றுங்கள். 1962-ல் வந்த மால்ரோ சட்டம் பழைய நகரப்பகுதிகளை இடிக்காமல் அப்படியே மீட்டெடுக்க வழிசெய்தது. அதன்கீழ் முதலில் புதுப்பிக்கப்பட்ட ஊர்களில் சார்லாவும் ஒன்று. சைக்கிள் காலணியின் கட்டைகள் அந்தக் கல்தெருக்களில் வழுக்கும். அறையில் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள்.

இரண்டாம் நாள்: கோட்டைகள்

இந்தப் பயணத்தின் உச்சம் இந்த நாள். சுமார் 55 கி.மீ. தூரம் சின்னது, நேரம்தான் முக்கியம்.

ஏழரைக்குள் கிளம்புங்கள். வித்ராக் வரை இறக்கம், பிறகு ஆற்றைக் கடந்தால் செனாக். அங்கிருந்து டொம். ஆற்றுக்கு மேலே சுமார் 150 மீட்டர் உயரப் பாறை விளிம்பில் இருக்கிறது ஊர். ஏற்றம் தொடங்கும்போதே சின்ன கியருக்கு வந்துவிடுங்கள், வேகத்தைப் பார்க்காதீர்கள். வாசல் வளைவுக்குள் நுழையும்போது மணி எட்டரை இருக்க வேண்டும். அப்போது தெருவில் கடைக்காரர்கள் பலகை எடுத்து வைக்கும் சத்தம் தவிர வேறொன்றும் இருக்காது.

டொம் ஒரு பாஸ்தீத். அதாவது 13, 14-ஆம் நூற்றாண்டுகளில் திட்டமிட்டுக் கட்டப்பட்ட அரண் நகரம். பிரெஞ்சு மன்னர் மூன்றாம் பிலிப் 1281-ல் நிறுவியது. மற்ற பாஸ்தீத்களில் தெருக்கள் சதுரங்கப் பலகைபோல் நேராக இருக்கும். இங்கே பாறை இடம் கொடுத்த மட்டும்தான். பாறைப்பக்கம் யாரும் ஏற முடியாது என்று நம்பி அந்தப் பக்கம் மதில் கட்டாமல் விட்டிருந்தார்கள். 1588-ல் புராட்டஸ்டன்ட் தளபதி ழெஃப்ருவா த வீவான் ஓர் இரவு சில பத்து ஆட்களோடு அதே பாறையில் ஏறி ஊரைப் பிடித்தார். விளிம்பில் நின்று கீழே எட்டிப் பார்த்தால் அதை நம்புவதற்குச் சற்று நேரம் ஆகும்.

கீழே இறங்கி, செனாக்கிலிருந்து இடதுகரையில் டி-50 பிடித்து சேன் சிப்ரனே, அங்கிருந்து டி-57-ல் காஸ்டெல்னோ. பிறகு ஆற்றோரம் மிலாந்த் கோட்டை வரை போய்வாருங்கள். போகவும் வரவும் ஒரே சாலைதான், ஆனால் திரும்பும்போதுதான் எதிர்க்கரையில் பெய்னாக் கோட்டை முழுதாகத் தெரியும். மிலாந்த் 1489-ல் கட்டப்பட்டது. அமெரிக்காவில் பிறந்த நடனக் கலைஞர் ஜோசஃபின் பேக்கர் 1947-ல் வாங்கினார். இரண்டாம் உலகப்போரில் பிரெஞ்சு எதிர்ப்பு இயக்கத்துக்கு உதவியவர், வெவ்வேறு நாடுகளின் பன்னிரண்டு குழந்தைகளைத் தத்தெடுத்து இங்கே வளர்த்தவர். கடனில் வீடு பறிபோனது. 2021 நவம்பரில், நாட்டின் பெருமக்களுக்கான நினைவிடமான பாரிஸ் பாந்தியோனில் நாடு அவருக்கு இடம் கொடுத்தது.

காஸ்டெல்னோ கோட்டையும் பெய்னாக் கோட்டையும் ஆற்றின் இரு கரையில், ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கின்றன. நூறாண்டுப் போர்க்காலத்தில், அதாவது 1337-லிருந்து 1453 வரை, காஸ்டெல்னோ பெரும்பாலும் ஆங்கிலேயர் பக்கம், பெய்னாக் பிரெஞ்சு மன்னர் பக்கம். இடையில் இருப்பது ஓர் ஆறும் சில வயல்களும்தான். தினமும் காலையில் சாளரத்தைத் திறந்தால் எதிரியின் சமையல் புகை தெரிந்திருக்கும். சைக்கிளில் ஒரு கோட்டையிலிருந்து அடுத்ததற்குப் போக எனக்குக் கால் மணி நேரம் ஆனது.

மதியச் சாப்பாட்டை வெசாக் பக்கத்தில் பன்னிரண்டரைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பெய்னாக் கோட்டைக்குக் கிராமத்துக்குள்ளிருந்து ஏறும் சந்து மிகச் செங்குத்து, கல் பாவியது. சைக்கிளைக் கீழே பூட்டிவிட்டு நடங்கள்.

லா ரோக்-கஜாக்கைக் கடைசிக்கு வையுங்கள், ஐந்து மணிக்கு மேல். பாறைச்சுவர், அதில் ஒட்டிய வீடுகள், ஒரு சாலை, ஆறு. அவ்வளவுதான் ஊர். தெற்கு நோக்கிய பாறை வெயிலைச் சேர்த்து வைப்பதால் வாழையும் பனைவகை மரங்களும் அங்கே வளர்கின்றன. அதே பாறை 1957 ஜனவரியில் சரிந்து மூன்று பேரைக் கொன்றது. மாலை வெயிலில் வீடுகளின் நிறம் தண்ணீரில் இறங்கும்போது கரையில் கட்டிய கபார் படகுகளைப் பாருங்கள். தட்டை அடியுள்ள இந்தப் படகுகளில்தான் ஒரு காலத்தில் இங்கிருந்து மரமும் பீப்பாய்ப் பலகையும் திராட்சை மதுவும் கீழே துறைமுகங்களுக்குப் போயின. ரயில் வந்ததும் அந்தத் தொழில் போயிற்று. இன்று ஓடுபவை சுற்றுலாவுக்கானவை.

மூன்றாம் நாள்: வெசேர் பள்ளத்தாக்கு

சுமார் 75 கி.மீ., நாலு பயணங்களில் நீளமானது. சார்லாவிலிருந்து மார்கே, தாம்னியெஸ் வழியாக வெள்ளைச் சாலைகளில் மோன்தின்யாக் போங்கள். காடு, வயல், அமைதி. அங்கிருந்து டி-706 ஆற்றைப் பிடித்துக்கொண்டு லெஸ் எய்ஸி வரை இறங்குகிறது.

மோன்தின்யாக்குக்கு மேலே குன்றில்தான் ஆதிமனிதர்களின் ஓவியங்கள் உள்ள லாஸ்கோ குகை. 1940 செப்டம்பர் 12 அன்று நாலு பையன்கள் கண்டுபிடித்தார்கள். மக்கள் கூட்டம் கூட்டமாக வந்து விட்ட மூச்சிலேயே சுவரில் பாசி படிந்து ஓவியங்கள் கெடத் தொடங்கின, 1963-ல் மூடிவிட்டார்கள். அதற்குப் பதில் 2016-ல் திறந்த லாஸ்கோ 4 என்ற நகல் குகையை நாம் பார்க்கலாம். அசல் ஓவியம் பார்த்தே ஆகவேண்டும் என்பவர்கள் லெஸ் எய்ஸி அருகே ஃபோன் த கோம் குகைக்கு முன்பதிவு செய்யுங்கள். நாளொன்றுக்கு மிகச் சிலரைத்தான் விடுகிறார்கள். இரண்டையும் ஒரே சைக்கிள் நாளில் சேர்க்காதீர்கள், கால் ஒத்துழைத்தாலும் மனம் ஒத்துழைக்காது.

நடுவில் சேன் லெயோன். ஆற்றின் வளைவில் ரோமானெஸ்க் என்ற இடைக்காலக் கட்டடப் பாணியில் ஒரு பழைய தேவாலயம், நாலைந்து தெரு, கரையில் மரநிழல். சாப்பாட்டு மூட்டையைப் பிரிக்க இதைவிட நல்ல இடம் இந்தப் பள்ளத்தாக்கில் எனக்குக் கிடைக்கவில்லை. லெஸ் எய்ஸியில் 1868-ல் ரயில்பாதை வேலையின்போது ஒரு பாறைக்குகையில் எலும்புக்கூடுகள் கிடைத்தன. அந்தக் குகையின் பெயர்தான் க்ரோ-மாக்னோன் என்ற ஆதிமனிதர்களுக்கு வந்தது. திரும்பும் டி-47 கொஞ்சம் பரபரப்பானது, விளக்கைப் போட்டுக்கொள்ளுங்கள்.

நாலாம் நாள்: பாஸ்தீத் சுற்று

காலை ரயிலில் லெ புய்சோன் வரை போய் அங்கிருந்து ஓட்டலாம். கதுவேன், மோன்பாசியே, பெல்வெஸ், மறுபடி லெ புய்சோன். சுமார் 65 கி.மீ.

கதுவேன் மடம் 1115-ல் தொடங்கியது. இங்கே இருந்த ஒரு துணியை ஏசுவின் தலையைச் சுற்றியிருந்தது என்று நம்பி நூற்றாண்டுக்கணக்கில் மக்கள் யாத்திரை வந்தார்கள். 1930-களில் அந்தத் துணியை ஆராய்ந்தபோது ஓரத்து வேலைப்பாடு அலங்காரம் அல்ல, அரபு எழுத்து என்று தெரிந்தது. 11-ஆம் நூற்றாண்டு எகிப்தில் நெய்தது. 1934-ல் ஆயர் யாத்திரையை நிறுத்திவிட்டார்.

மோன்பாசியே பாஸ்தீத்களில் கச்சிதமானது. இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட் 1284-ல் நிறுவினார். நேர்கோட்டுத் தெருக்கள், நடுவில் சதுக்கம், நாலு பக்கமும் வளைவுத் தாழ்வாரம், ஓரத்தில் மரத்தூண் சந்தைக்கூடம். கூடத்துக்குள் தானியம் அளந்த பழைய அளவுகள் இன்னும் இருக்கின்றன. வீடுகளுக்கு இடையில் ஓர் ஆள் நுழையக்கூட முடியாத இடைவெளி விட்டிருப்பதைக் கவனியுங்கள். தீ ஒரு வீட்டிலிருந்து அடுத்ததற்குப் பரவாமல் தடுக்கவும் கழிவுநீர் ஓடவும் அந்த இடைவெளி. பன்னிரண்டு மணிக்கு இங்கே இருப்பதுபோல் ஓட்டினால் சாப்பாடும் இங்கேயே. மாலை வண்டி நேரத்தைக் காலையிலேயே குறித்து வையுங்கள்.

சாப்பாடும் தண்ணீரும்

இது வாத்துப் பிரதேசம். சாலட் என்று கேட்டாலும் மேலே வாத்து இரைப்பை வரும். சைவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: சார்லா உருளைக்கிழங்கு என்று பூண்டு மணக்கத் தட்டில் வருவது வாத்துக் கொழுப்பில் வறுத்தது. இறைச்சி இல்லாமல் என்று மட்டும் சொன்னால் பன்றித் துண்டுகளை இறைச்சிக் கணக்கில் சேர்க்காத உணவகங்களும் உண்டு. எனவே சான் வியாந்த் (இறைச்சி இல்லாமல்), சான் ஜாம்போன் (பன்றி ஹாம் இல்லாமல்), சான் புவாஸோன் (மீன் இல்லாமல்) என்று மூன்றையும் சொல்லுங்கள். காளான் ஆம்லெட், சூடான ஆட்டுப் பாலாடைக்கட்டி சாலட், ரொட்டி. இவற்றை வைத்து ஓட்டிவிடலாம். விலங்கின் உறைபொருள் சேர்த்த பாலாடைக்கட்டியைத் தவிர்ப்பவர்கள் கேட்டு வாங்க வேண்டும்.

எனக்குப் பிடித்தது சந்தை. சார்லாவில் புதனும் சனியும். கபேகூ என்ற கைக்குள் அடங்கும் ஆட்டுப்பால் கட்டி, வால்நட் போட்ட ரொட்டி, தக்காளி, மே மாதமானால் ஸ்ட்ராபெரி. எல்லாம் சட்டைப்பையில் அடங்கும். ஞாயிறு காலையிலேயே திங்கட்கிழமைக்கும் சேர்த்து வாங்கி வையுங்கள்.

எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் முதலில் போன்ஜூர். கேள்வி அப்புறம். வணக்கம் சொல்லாமல் நேரே விலை கேட்டால் முகம் சுருங்கும். சொல்லிவிட்டுக் கேட்டால் வழி சொல்ல வாசல் வரை வருவார்கள்.

தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று ஒரு கிராமத்தில் தேடிக்கொண்டிருந்தபோது, எதிரே சைக்கிளில் வந்த எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் என் காலிப் பாட்டிலைப் பார்த்துவிட்டுக் கையால் கூப்பிட்டார். கல்லறைத் தோட்டத்துக்குள் போனார். சுவரோரம் ஒரு குழாய், பூச்செடிகளுக்கு ஊற்றப் போட்டது. தன் பாட்டிலை நிரப்பி முதலில் அவர் குடித்துக் காட்டிவிட்டு எனக்கு இடம் விட்டார். அதன்பிறகு ஊர் கண்ணில் பட்டதும் தேவாலயத்தைத் தேடி, அதன் அருகே கல்லறையைத் தேடுவேன். ஓ நோன் பொத்தாப்ள் என்று எழுதியிருந்தால் மட்டும் குடிக்கக்கூடாத தண்ணீர்.

தங்குமிடம்

எல்லா இரவும் சார்லாவிலேயே வைத்துக்கொண்டால் மூட்டை தூக்கும் வேலை இல்லை. அக்கே வெலோ என்ற முத்திரை உள்ள விடுதிகளில் சைக்கிளைப் பூட்டி வைக்கும் அறையும் பழுதுபார்க்கும் கருவிகளும் இருக்கும். பதிவு செய்யும்போது காலைச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். எட்டரைக்குத்தான் என்றால் முந்தைய மாலையே வாங்கி வைத்துக்கொண்டு ஏழரைக்குக் கிளம்பிவிடுங்கள். டொம் வாசலை எட்டரைக்குப் பார்ப்பதற்கு அந்தக் காலைச் சாப்பாட்டை விட்டுக்கொடுக்கலாம்.

கிளம்பும் நாள்

சைக்கிளைக் கழுவித் துடைத்துப் பையில் போட ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். மிச்ச நேரத்தில் சந்தைக்குப் போய் வால்நட் எண்ணெய் ஒரு சின்ன பாட்டில் வாங்குங்கள். கல் ஆலையில் ஆட்டியதா என்று கேட்டால் மூடியைத் திறந்து முகரக் கொடுப்பார்கள். விமானத்தில் கைப்பையில் விடமாட்டார்கள், சைக்கிள் பைக்குள் உடுப்பில் சுற்றி வையுங்கள். வீட்டில் திறந்ததும் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும், வெளியே இருந்தால் சீக்கிரமே காறிவிடும்.